'காலி: 4' – எத்தனை மணிக்கு எடுத்த கணக்கு?

நோய் பரவும் காலத்தில் மக்கள் பார்க்கும் டாஷ்போர்டில், அதாவது நிலவரத்தை எண்களாக ஒரே இடத்தில் காட்டும் இணையப் பக்கத்தில், எது கண்ணில் முதலில் பட வேண்டும் என்று யாராவது கேட்டால், நேரம் என்றுதான் சொல்வேன். அந்த எண் எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த நாளைப் பற்றியது, இன்னும் என்னென்ன வந்து சேர வேண்டியிருக்கிறது. இப்படிச் சொன்னால் டிசைன் வேலை செய்யும் நண்பர்களே கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்க்கிறார்கள். நிறம், மேப், அழகான கோடு என்று ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் 2021 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் ஆஸ்பத்திரிப் படுக்கை நிலவரம் காட்டும் ஒரு பக்கத்துக்காக வேலை பார்த்ததிலிருந்து என் மனதில் நேரம்தான் முதலில் நிற்கிறது.

அந்த மாதத்தைப் பற்றி நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொரோனா முதல் அலையின் உச்சத்தில்கூடத் தமிழ்நாட்டின் ஒரு நாள் தொற்று எண்ணிக்கை 7,000-ஐத் தொடவில்லை. 2021 மே 21 அன்று அது 36,184. சென்னையில் அரசு மருத்துவத் துறையின் டி.எம்.எஸ். வளாகத்தில் வார் ரூம் அமைத்து, 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை இரவு பகலாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாநிலம் முழுவதற்குமான படுக்கை இணையதளமும் வந்துவிட்டது. ஆனாலும் மாவட்டங்களில், அதுவும் சின்னத் தனியார் ஆஸ்பத்திரிகளில் இடம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, உள்ளூர் ஆட்கள் போன் போட்டுக் கேட்டு எழுதிய பட்டியல்கள்தான் வாட்ஸ்அப்பில் சுற்றின. எங்கள் ஊரிலும் அப்படி ஒரு குழு இருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், இரண்டு மருந்துக் கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஒருவர். கம்பெனிகளுக்கு விற்பனை டாஷ்போர்டு செய்து கொடுப்பது என் தொழில் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

நான் போனபோது பக்கம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: ஆஸ்பத்திரியின் பெயர், ஆக்சிஜன் பெட் மொத்தம் 40, காலி 4, போன் நம்பர். பார்ப்பதற்குத் தெளிவாகத்தான் இருந்தது. அந்த 4 முந்தைய நாள் இரவு பதினோரு மணிக்கு யாரோ கேட்டு எழுதியது. காலை ஒன்பது மணிக்கு அதைப் பார்க்கிற ஒருவர், அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 84-க்கு இறங்கிவிட்ட பதற்றத்தில், அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டியைத் திருப்புவார். நடுவில் இருந்த பத்து மணி நேரத்தில் அந்த நான்கு பெட்டும் எப்போதோ போயிருக்கும். வாசலில் நின்றுகொண்டு அவர் நமக்குப் போன் செய்து, "காலின்னு போட்டிருக்கே?" என்று கேட்பார். அப்படி வந்த அழைப்புகளை எடுத்த பிள்ளைகளில் சிலர் அதற்குப் பிறகு போன் எடுக்கவே பயந்தார்கள்.

அந்த 4 பொய் இல்லை. இரவு பதினோரு மணிக்கு அது உண்மைதான். பக்கத்தில் அந்த மணி இல்லாததுதான் பிரச்சினை.

முதல் வேலையாக ஒவ்வொரு வரியிலும், காலி எண்ணுக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் "40 நிமிடம் முன்பு", "3 மணி நேரம் முன்பு" என்று வர வைத்தோம். கடிகார நேரத்தைப் போடுவதைவிட இப்படிப் போடுவது நல்லது. பதற்றத்தில் இருப்பவர் மனக்கணக்குப் போட மாட்டார். இரண்டு மணி நேரம் தாண்டினால் வரி வெளுத்துவிடும். ஆறு மணி நேரம் தாண்டினால் எண்ணே மறைந்து, "போன் செய்து கேட்ட பிறகு கிளம்பவும்" என்ற வாசகமும் நம்பரும் மட்டும் நிற்கும். வரிசையையும் மாற்றினோம். அதிகம் காலி இருக்கும் ஆஸ்பத்திரி மேலே என்பதை எடுத்துவிட்டு, கடைசியாகச் சொன்ன ஆஸ்பத்திரி மேலே என்று வைத்தோம்.

எண்ணை மறைப்பதற்குத்தான் பெரிய எதிர்ப்பு வந்தது. ஒரு கூட்டத்தில், பாதிப் பட்டியல் வெறுமையாகத் தெரிந்தால் நிர்வாகம் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடாதா என்று கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் வெறுமையைப் பார்த்த மனிதர் போன் செய்வார். பழைய 4-ஐப் பார்த்தவர் நேரே கிளம்பிவிடுவார். மூச்சு வாங்கும் ஒருவரைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வீணாகப் போவதற்கு நாம் காரணமாகக் கூடாது. இதை நான் சொன்னபோது, அதுவரை பேசாமல் இருந்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஐயா ஒன்று சொன்னார். "லைன் லிஸ்ட் எழுதுறப்போ நாங்க முதல்ல கேக்கிறது காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சதுன்னுதாம்மா. நமக்குத் தகவல் வந்த தேதிய வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது."

லைன் லிஸ்ட் என்பது நோயாளிகளை ஒவ்வொருவராக எழுதும் பட்டியல். டெங்கு, காலரா என்று பல வருடம் வீடு வீடாகப் போன மனிதர் அவர். நோய்ப்பரவலைப் படிக்கிறவர்களின் அடிப்படைப் பாடமே அதுதான். காய்ச்சல் ஆரம்பித்த நாள், சாம்பிள் எடுத்த நாள், ரிசல்ட் வந்த நாள், அரசின் தினசரி அறிக்கையான புல்லட்டினில் ஏறிய நாள் – ஒரே நோயாளிக்கு நான்கு தேதிகள். நாம் டிவியில் பார்த்த "இன்றைய பாதிப்பு" கடைசித் தேதியைச் சேர்ந்தது. அது ஆய்வகத்திலும் அலுவலகத்திலும் வேலை நடந்த வேகத்தையும் சேர்த்துக் காட்டும். ஞாயிற்றுக்கிழமை பல நாடுகளில் எண்ணிக்கை இறங்கி, செவ்வாய் புதனில் ஏறியது அதனால்தான். வைரஸுக்கு வார விடுமுறை கிடையாது, ஆய்வகத்துக்கு உண்டு. ஏழு நாள் சராசரிக் கோட்டைத் தடிமனாகவும், தினசரிக் கம்பங்களை மெலிதாகவும் போடும் வழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம்.

கொரோனா டாஷ்போர்டு என்றதும் உலகத்துக்கே நினைவுக்கு வருவது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினுடையது. பேராசிரியர் லாரன் கார்ட்னரும் அவருடைய மாணவர் என்ஷெங் டாங்கும் 2020 ஜனவரி 22 அன்று வெளியிட்டார்கள். கறுப்புப் பின்னணி, சிவப்பு வட்டங்கள். தொடக்கத்தில் கையால்தான் எண்களைச் சேர்த்தார்கள். எந்த அரசும் உலகத்துக்குப் பொதுவாக இப்படி ஒன்றைச் செய்து வைக்காத நேரத்தில், ஒரு ஆசிரியரும் ஒரு மாணவரும் செய்த அந்த வேலைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 2023 மார்ச் 10 வரை தகவல் சேர்த்தார்கள். தகவலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்தும் வைத்தார்கள்.

ஆனால் அதைப் பார்த்துப் பார்த்து உலகமே காப்பியடித்த சில பழக்கங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. கூடிக்கொண்டே போகும் மொத்த எண்ணை மிகப் பெரிய எழுத்தில் சிவப்பில் போடுவது ஒன்று. கணக்கிடும் முறையையே திருத்தினால் ஒழிய அந்த எண் இறங்காது. தொற்று குறைந்துகொண்டிருக்கும் வாரத்திலும் அது ஏறித்தான் இருக்கும். பார்க்கிற மனிதருக்கு அதனால் கிடைப்பது பயம் மட்டும்தான், நாளைக்கு என்ன செய்வது என்பதற்கு ஒரு துப்பும் கிடைக்காது. "கடைசியாகப் புதுப்பித்தது" என்பதோ ஒரு மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். அதே அளவிலும் அதே மூலையிலும்தான் நம் ஊர்ப் பக்கங்கள் பலவற்றிலும் அதை வைத்தார்கள்.

நேரத்தைப் போட்டால் மட்டும் போதாது என்பதற்கு 2020 பிப்ரவரியில் சீனாவின் ஹூபேய் மாகாணத்தில் நடந்தது நல்ல உதாரணம். ஒரே நாளில் கிட்டத்தட்ட 15,000 பேர் கணக்கில் ஏறினார்கள். கிராஃபைப் பார்த்தவர்கள் நோய் வெடித்துவிட்டது என்று நினைத்தார்கள். அன்றைக்கு மாறியது நோயாளி என்று யாரைச் சொல்வது என்ற வரையறை. அதுவரை ஆய்வகப் பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டும். அன்றிலிருந்து டாக்டர் ஸ்கேன் பார்த்து முடிவு செய்தவர்களும் சேர்ந்தார்கள். நம் நாட்டிலும் 2020 மே 8 அன்று டிஸ்சார்ஜ் விதி மாறியது. லேசான அறிகுறி உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்ப இன்னொரு பரிசோதனை வேண்டாம், குறிப்பிட்ட நாட்கள் கழிந்து காய்ச்சலும் இல்லாவிட்டால் போதும் என்றார்கள். மருத்துவரீதியாக அதற்குக் காரணம் இருந்தது. ஆனால் "குணமடைந்தோர்" கோடு அதற்கு முன் ஒன்றைக் காட்டியது, அதற்குப் பின் வேறொன்றைக் காட்டியது. பிரிட்டனில் ஆகஸ்ட் 12 அன்று, பரிசோதனையில் உறுதியாகி 28 நாட்களுக்குள் நடந்த மரணங்கள் மட்டும் என்று கணக்கை மாற்றியபோது, மொத்த மரணம் 46,706-லிருந்து 41,329-ஆக இறங்கியது.

இந்த மாதிரி நாட்களில் கிராஃபில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, பக்கத்திலேயே ஒரு வரி எழுத வேண்டும்: "இன்று முதல் கணக்கிடும் முறை மாறியது." அடிக்குறிப்பில் போட்டால் யாரும் படிக்க மாட்டார்கள். கண் எங்கே திடுக்கிடுகிறதோ அங்கேயே விளக்கம் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் புல்லட்டினைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கொரோனாக் காலத்தில் தினமும் மாலையில் வந்த அந்த பி.டி.எஃப். கோப்பை டிசைனர்கள் பலர் குறை சொன்னார்கள். பக்கம் பக்கமாக அட்டவணை, செல்போனில் விரலால் இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். எல்லாம் சரி. ஆனால் அதன் பின்பக்கங்களில் மரணங்களைப் பற்றித் தனித்தனியாக ஒரு பத்தி இருந்தது. வயது, ஆணா பெண்ணா, எந்த மாவட்டம், வேறு என்ன நோய் இருந்தது, எந்தத் தேதியில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் இறந்தார். பெயர் இருக்காது. இன்றைய புல்லட்டினில் ஏறிய மரணம் சில நாள் முன்பு நடந்தது என்பதைப் பொறுமையாகப் படிக்கிறவர்கள் அதிலிருந்தே கண்டுபிடிக்க முடிந்தது. பளபளப்பான பல டாஷ்போர்டுகளில் இல்லாத நேர்மை அந்தப் பத்திகளில் இருந்தது. அவற்றைப் படிக்கும்போது கம்பம் கம்பமாகத் தெரிந்த எண்ணுக்குள் ஒரு ஆள் இருந்தார் என்பதும் உறைக்கும்.

2020 ஜூலை 22 அன்று, சென்னையில் முன்பு நடந்து மாநிலக் கணக்கில் ஏறாமல் விட்டுப்போன 444 மரணங்களைச் சேர்த்தார்கள். குழு ஒன்று பதிவேடுகளை ஒத்துப்பார்த்துக் கண்டுபிடித்தது. சேர்த்தது நல்ல காரியம். ஆனால் அறிவித்த தேதியை வைத்துக் கிராஃப் போட்ட எல்லாப் பக்கங்களிலும் அந்த நாளில் ஒரு கோபுரம் எழுந்தது. இன்றைக்கும் பழைய கிராஃபை எடுத்துப் பார்க்கிற மாணவர் ஒருவர் அன்றைக்குச் சென்னையில் என்ன நடந்தது என்று தேடுவார். அந்த 444 பேரும் முந்தைய மாதங்களில் இறந்தவர்கள். இறந்த நாளை வைத்து ஒரு கிராஃப், அறிவித்த நாளை வைத்து ஒரு கிராஃப் என்று இரண்டும் இருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

பிரிட்டன் அரசின் டாஷ்போர்டு இதைச் செய்தது. சாம்பிள் எடுத்த தேதியின்படியும் பார்க்க முடிந்தது, அறிவித்த தேதியின்படியும் பார்க்க முடிந்தது. சாம்பிள் தேதிப்படி பார்க்கும்போது கடைசி ஐந்து நாட்களை வேறு நிறத்தில் காட்டி, இவை இன்னும் முழுமையாகவில்லை என்று சொல்லியிருந்தார்கள். என்னைப் பொறுத்தவரை கொரோனாக் காலத்தில் வந்த டிசைன் முடிவுகளில் இதுதான் மிகச் சிறந்தது. ஏனென்றால் சாம்பிள் தேதிப்படி போடும் எந்தக் கோடும் கடைசியில் இறங்குவது மாதிரியேதான் தெரியும். நேற்று எடுத்த சாம்பிள்களில் பாதிக்கு இன்னும் ரிசல்ட் வந்திருக்காது. அந்தப் பொய்யான இறக்கத்தைப் பார்த்து "குறைஞ்சிடுச்சு" என்று கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

அதே பிரிட்டனில்தான் அந்த எக்செல் விவகாரமும் நடந்தது. 2020 செப்டம்பர் 25-லிருந்து அக்டோபர் 2 வரை 15,841 பாசிட்டிவ் ரிசல்ட்கள் கணக்கில் ஏறவில்லை. ஆய்வகங்களிலிருந்து வந்த தகவலைப் பழைய எக்செல் வடிவத்தில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வடிவத்தில் 65,000 சொச்சம் வரிகளுக்கு மேல் கொள்ளாது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. எண்ணிக்கையை இரண்டு நாளில் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அந்த 15,841 பேரோடு பழகியவர்களைத் தேடிப் போய் எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் நின்றுபோயிருந்ததே, அதை எப்படிச் சரிசெய்வது? அந்த ஒரு வாரமும் டாஷ்போர்டு பார்க்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாப் பெட்டியிலும் எண் இருந்தது. எத்தனை ஆய்வகங்கள் இன்று அனுப்பின, வழக்கமாக எத்தனை வரி வரும், இன்று எத்தனை வந்தது என்பதையும் எங்காவது காட்டியிருந்தால் யாராவது ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

சரி, நிறத்துக்கு வருகிறேன். 2020 ஏப்ரல் 30 தேதியிட்ட மத்திய சுகாதாரத் துறைப் பட்டியலில் நாட்டின் மாவட்டங்களைத் தொற்று நிலவரத்தை வைத்துச் சிவப்பு 130, ஆரஞ்சு 284, பச்சை 319 என்று பிரித்தார்கள். தமிழ்நாட்டில் பச்சை ஒன்றே ஒன்று, கிருஷ்ணகிரி. பட்டியல் வந்த சூட்டிலேயே அங்கும் தொற்று உறுதியானது. ஆனால் பச்சைக் கிருஷ்ணகிரியோடு இருந்த மேப் அதற்குப் பிறகும் வாட்ஸ்அப்பில் நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. நிறம் ஒரு தீர்ப்பைப் போல மனதில் பதிந்துவிடுகிறது. எண்ணைப் பார்த்தால் "எப்போதைய கணக்கு" என்று கேட்கத் தோன்றும். பச்சையைப் பார்த்தால் யாருக்கும் தேதி கேட்கத் தோன்றாது. அதனால் எங்கள் பக்கத்தில் பச்சையே வைக்கவில்லை. இடம் இருந்தால் அடர்நீலம், இல்லாவிட்டால் சாம்பல். சிவப்பு பச்சையைப் பிரித்துப் பார்க்க முடியாத பார்வை உள்ளவர்களுக்கும் அது உதவியது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2020 மே மாதம் வெளியிட்ட ஒரு கிராஃபில் தேதிகளே வரிசையில் இல்லை. அதிக எண்ணிக்கையிலிருந்து குறைவானதுக்கு என்று கம்பங்களை அடுக்கியிருந்ததால், தேதிகள் முன்னும் பின்னுமாகக் கலந்து, தொற்று படிப்படியாக இறங்குவதுபோல் தெரிந்தது. கண்டனம் எழுந்ததும் மாற்றினார்கள். விற்பனை டாஷ்போர்டுகளில் பெரியதிலிருந்து சிறியது என்று அடுக்குவது தினசரிப் பழக்கம். கருவியில் ஒரு தட்டு தட்டினால் நடந்துவிடும். எங்கள் தொழிலிலிருந்து இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்த விரல் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

இங்கே இன்னொரு விஷயம். நம் ஊரில் டாஷ்போர்டை டாஷ்போர்டாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. எங்கள் பக்கத்தின் இணைப்பைத் திறந்தவர்களைவிட, அதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்தவர்கள்தான் அதிகம். குடும்ப குரூப், தெரு குரூப், பள்ளிப் பெற்றோர் குரூப் என்று அது போய்க்கொண்டே இருக்கும். படமாக ஆனதும் "40 நிமிடம் முன்பு" என்பதற்கு அர்த்தம் போய்விடுகிறது. எதிலிருந்து நாற்பது நிமிடம்? அதனால் ஒவ்வொரு ஆஸ்பத்திரியின் கட்டத்துக்குள்ளும் முழுத் தேதியும் நேரமும் வரும்படி செய்தோம். மேலே ஓர் இடத்தில் மட்டும் தேதி இருந்தால், ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர் தேவையான துண்டை மட்டும் வெட்டும்போது அது போய்விடும். எப்படி வெட்டினாலும் தேதி கூடவே வர வேண்டும். கூடவே, "படமாக அனுப்பு" என்று ஒரு பட்டனும் வைத்தோம். அதை அழுத்தினால் நாங்களே தேதியைப் பெரிதாகப் போட்ட படத்தைக் கொடுப்போம். ஜனங்கள் எப்படியும் படமாகத்தான் அனுப்பப் போகிறார்கள். நல்ல படமாக அனுப்பட்டும்.

சின்னச் சின்னவையும் உண்டு. கிராஃப் வரையும் கருவிகள் பல, எண்களுக்கு நடுவே காற்புள்ளியை மில்லியன் கணக்கில் போடும். 2021 மே 6 அன்று இந்தியாவின் ஒரு நாள் எண்ணிக்கை 4,14,188. அதை 414,188 என்று போட்டால் நம் ஆட்கள் ஒரு நொடி தடுமாறுவார்கள். லட்சக் கணக்கில் வரும்படி மாற்றுவது ஒரே ஒரு அமைப்பு, ஆனால் யாராவது நினைத்து மாற்ற வேண்டும். அப்புறம், பூஜ்யமும் வெறுமையும். ஒரு ஆஸ்பத்திரி இன்று ஒன்றும் சொல்லவில்லை என்றால் பல கருவிகள் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு கம்பத்தைத் தரையில் படுக்க வைத்துவிடும். "இடம் இல்லை" என்பதும் "தெரியவில்லை" என்பதும் நோயாளியின் குடும்பத்துக்கு முற்றிலும் வேறு வேறு செய்திகள். முதலாவதுக்கு வேறு ஆஸ்பத்திரி பார்க்க வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் பார்க்கிற பக்கத்தைப் பற்றி. எனக்கு மனதில் அதிகம் தங்கியிருப்பது எண்ணை உள்ளே கொடுக்கிற பக்கம்தான். பார்க்கிற பக்கத்தை எத்தனை அழகாகச் செய்தாலும், நைட் டூட்டி நர்ஸ் ஒருவர் கையுறையைக் கழற்றிவிட்டு நான்கு எண்களைத் தட்டினால்தான் அதில் உயிர் வரும். அவருக்கு அதற்கு நேரம் எங்கே இருக்கிறது? எங்களுக்குத் தகவல் கொடுத்த ஒரு ஆஸ்பத்திரியில் அந்த வேலை ரிசப்ஷனில் இருந்த ஒரு பெண்ணிடம் இருந்தது. நான் போன் செய்தபோது அவர் சொன்னது: "அக்கா, நீங்க காலி எத்தனைன்னு கேக்குறீங்க. கட்டில் காலியாத்தான் இருக்கு. ஆக்சிஜன் பாயிண்ட் வேலை செய்யல. அதைக் காலின்னு போடவா வேண்டாமா?"

அதற்கு எங்கள் படிவத்தில் இடமே இல்லை. இன்னொரு ஆஸ்பத்திரியில் இரண்டு பெட் காலி, ஆனால் இரண்டுக்கும் ஆம்புலன்ஸில் ஆள் வந்துகொண்டிருக்கிறார். மற்றொன்றில் பெட் உண்டு, பார்த்துக்கொள்ள அந்த ஷிப்டில் ஆள் இல்லை. எண் ஒன்று கேட்டால் அவர்கள் எண் ஒன்று கொடுப்பார்கள். அந்த எண்ணுக்குள் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வேறு வேறு அர்த்தத்தை வைத்திருந்தது.

அதனால் கேள்வியை மாற்றினோம். "இப்போது ஒருவர் ஆக்சிஜன் தேவையோடு வாசலுக்கு வந்தால் எத்தனை பேரைச் சேர்த்துக்கொள்ள முடியும்?" அவ்வளவுதான். கட்டில், பாயிண்ட், ஆள், வந்துகொண்டிருக்கும் ஆம்புலன்ஸ் எல்லாவற்றையும் அவர்களே மனதில் கழித்துவிட்டு ஒரு எண் சொல்வார்கள். அங்கே நிற்பவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது?

அப்புறம் மூன்று பட்டன்கள். முதலாவது, எண்ணை மாற்றுவது. இரண்டாவது, "மாற்றமில்லை". இது வருவதற்கு முன்பு, நான்கு மணி நேரமாக அதே 2 இருந்தால் அது உண்மையிலேயே 2 தானா, யாரும் தொடவே இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. "மாற்றமில்லை" என்று ஒரு தட்டு தட்டினால் எண் அப்படியே இருக்கும், நேரம் மட்டும் புதிதாகும். எண்ணைத் தட்டச்சு செய்யவே வேண்டாம். மூன்றாவது பட்டன், "இப்போது சொல்ல முடியாது". அதை அழுத்தினால் பார்க்கிற பக்கத்தில் எண் மறைந்து, "ஆஸ்பத்திரியில் நெரிசல், போன் செய்து கேட்கவும்" என்று வரும். இதை வைத்தால் எல்லோரும் இதையே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள் என்று குழுவில் சிலர் பயந்தார்கள். நடந்தது வேறு. மூச்சுவிட முடியாத நேரத்தில் அதை அழுத்தியவர்கள், கொஞ்சம் ஓய்ந்ததும் அவர்களாகவே வந்து எண்ணைப் போட்டார்கள். சொல்ல முடியாத நேரத்தில் சொல்ல முடியாது என்று சொல்ல ஒரு வழி இருந்ததால், சொன்ன நேரத்தில் சொன்னதை நம்ப முடிந்தது.

அந்த மூன்றாவது பட்டன் மாதிரி ஒன்றை அரசுகளின் டாஷ்போர்டு எதிலும் நான் இதுவரை பார்த்ததில்லை. இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஒரு மாவட்டம், ஒரு ஆய்வகம், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் "இன்று எங்களால் கணக்குக் கொடுக்க முடியவில்லை" என்று சொன்னால், அது குற்றமாகப் பார்க்கப்படக் கூடாது. அதுவே மேலிடத்துக்கு ஒரு தகவல். அங்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று அர்த்தம்.

தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்திய கோவிட்19இந்தியா தளம் 2021 அக்டோபர் 31-உடன் தகவல் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. நிறுத்தும் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு நிறுத்தினார்கள். அதுவும் நேரத்தைச் சொல்வதில் சேர்த்திதான். எங்கள் சின்னப் பக்கத்தையும் தேவை தீர்ந்ததும் அப்படித்தான் மூடினோம். மேலே கொட்டை எழுத்தில், "இந்தப் பக்கத்தில் இனி எண்கள் வராது, 104-ஐ அழைக்கவும்" என்று போட்டோம். கைவிடப்பட்ட டாஷ்போர்டு ஒன்று பழைய எண்களோடு இணையத்தில் கிடப்பதைவிட ஆபத்தானது எதுவும் இல்லை. தேடுகிறவர் கண்ணில் அதுவும் படும்.

மழைக்காலம் வந்தால் டெங்கு வரும், காய்ச்சல் வார்டுகள் நிரம்பும். அப்போது அவசரமாக ஒரு பக்கம் செய்யச் சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட்டால், மேப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எண் கொடுக்கப்போகும் இரண்டு மூன்று இடங்களுக்கு முதலில் போன் போடுங்கள். யார் எண்ணுவார்கள், எத்தனை மணிக்கு எண்ணுவார்கள், எண்ண முடியாதபோது என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். எங்கள் படிவத்தின் மாதிரியை வைத்திருக்கிறேன். மாவட்ட அளவில் இந்த வேலை செய்கிறவர்கள் யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், அவரவர் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது பட்டனை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.